கிளாடிங்கை மாற்றியும் பிரிட்டன் ஃபிளாட்களில் இன்சூரன்ஸ் குறையாதது ஏன்?

2017 ஜூன் 14. மேற்கு லண்டனில் உள்ள 24 மாடி கிரென்ஃபெல் டவரின் 4-வது மாடியில், ஒரு ஃபிரிட்ஜில் பற்றிய தீ வெளிச்சுவர் வழியாக மளமளவென மேலே ஏறியது. 72 பேர் உயிரிழந்தனர். சுவரின் மேல் போர்த்தியிருந்த அலுமினியப் பலகைகளுக்கு நடுவே இருந்தது பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். இந்தப் போர்வைக்குத்தான் கிளாடிங் என்று பெயர்.

அதன்பிறகு நாடு முழுக்க சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கான கட்டடங்களில் இதே பலகை. உஷாரான இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சில விலகின, மற்றவை ரேட்டை ஏற்றின. 2016-க்கும் 2021-க்கும் இடையே அடுக்குமாடிக் கட்டடங்களின் சராசரி பிரீமியம் இரண்டு மடங்குக்கு மேல் போனது.

யார் கட்டுவது?

இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கினால் பெரும்பாலும் நீண்டகால குத்தகை உரிமைதான் கிடைக்கும். கட்டடத்துக்கு பாலிசி எடுப்பவர் நில உரிமையாளர். பணமோ சர்வீஸ் சார்ஜ் வழியாக குடியிருப்பவர் பாக்கெட்டில் இருந்து போகும். எந்த கம்பெனி, என்ன ரேட் என்று தேர்வு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. போதாக்குறைக்கு, பிரீமியத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல் புரோக்கர் கமிஷனாகப் போன கட்டடங்களும் உண்டு. இதில் புரோக்கர் நில உரிமையாளருக்குப் பங்கு கொடுப்பதும் நடந்தது.

2022-ல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தது 11 மீட்டர் உயரமோ 5 மாடியோ கொண்ட கட்டடங்களில் தகுதியுள்ள குடியிருப்பாளர்களை கிளாடிங் மாற்றும் செலவிலிருந்து காப்பாற்றியது. ஆனால் ஏறிப்போன பிரீமியத்துக்கு அதில் பாதுகாப்பு இல்லை.

சரி, பலகையை மாற்றிவிட்டால் குறையணுமே?

அங்கேதான் சிக்கல். அரசுத் திட்டங்கள் பார்ப்பது உயிரை: தீப்பிடித்தால் மக்கள் தப்பிக்க முடியுமா என்பதை. இன்சூரன்ஸ் கம்பெனி பார்ப்பது சொத்தை. எல்லாரும் பத்திரமாக இறங்கிவிட்டாலும் கட்டடம் எரிந்து போனால் நஷ்டம் அதற்குத்தான். சுவருக்குள் தீத்தடுப்புகள் விடுபட்டிருந்தாலோ, மர பால்கனி இருந்தாலோ புதுப் பலகை மட்டும் அதன் கணக்கை மாற்றாது. குழாய் கசிவு க்ளெய்ம்களும் திரும்பக் கட்டும் செலவும் தனி.

2023 டிசம்பர் 31 முதல் கமிஷன் உள்ளிட்ட விவரங்கள் குடியிருப்பாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நிதி ஒழுங்குமுறை அமைப்பு விதி போட்டது. 2024 ஏப்ரலில் தீ அபாயமுள்ள கட்டடங்களுக்காக ஒரு மறுகாப்பீட்டு ஏற்பாடும் தொடங்கியது. ரிஸ்க்கில் ஒரு பகுதியை அது ஏற்பதால், பெரிய கட்டடங்களுக்கு பாலிசி தர கம்பெனிகள் முன்வரும் என்பது கணக்கு. பிரீமியம் இவ்வளவு குறையும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது.