தாமஸ் கப்பலில் வந்த டீச்சர்கள்

பாகியோ மலையில், பைன் மரங்களுக்கு நடுவே, 'டீச்சர்ஸ் கேம்ப்' என்று ஓர் இடம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் யாரிடம் கேட்டாலும் முதலில் அங்கே நடமாடும் பேய்களைப் பற்றித்தான் சொல்வார்கள். சரித்திரத்தை நாமாகத் துருவித் துருவிக் கேட்க வேண்டும். 1908 கோடையில் அங்கே கூடாரங்கள் எழும்பின. பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்த காலம் அது; தீவு தீவாகப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அமெரிக்க ஆசிரியர்கள் ஏப்ரல், மே வெயிலுக்குத் தப்பி மேலே ஏறி வந்து தங்குவதற்காகப் போட்டவை. காலையில் சொற்பொழிவு, மாலையில் மலைநடை. நான் வத்தலக்குண்டுக்காரி. மதுரை வெயிலும் காலராவும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலுக்கு ஏறிய கதையைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவள். அதனால் அந்தக் கேம்ப் எனக்குப் புது இடமாகவே தோன்றவில்லை.

நான் பிலிப்பைன்ஸில் தங்கியதற்குக் காரணம் மகள். லோஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவளுக்குச் சும்மா உட்கார வரவில்லை. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன், சம்பளம் வேண்டாம் என்று போய் நின்றேன். "மேம், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றார் தலைமை ஆசிரியை. சனிக்கிழமை ஆனால் ஜீப்னி பிடித்து, பஸ் மாறி, ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். வெளியூரிலிருந்து வந்து வாரநாளில் இங்கிலீஷும் வாரக்கடைசியில் சுற்றலுமாக இந்த நாட்டில் இருந்தவர்கள் எனக்கு முன்னே எத்தனை பேர் என்பது அப்படிச் சுற்றும்போதுதான் பிடிபட்டது.

அந்த வரிசை ஒரு ராணுவக் கப்பலில் ஆரம்பிக்கிறது. 'தாமஸ்' என்பது அதன் பெயர். 1901 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, ஹொனலூலுவில் நின்று, ஆகஸ்ட் 21 அன்று மணிலா வந்து சேர்ந்தது. உள்ளே 500க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். ஆண்களே அதிகம் என்றாலும் பெண்களும் கணிசமாக இருந்தார்கள். கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள் பலர். இவர்களுக்கு முன்பே சில ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அதற்கும் முன்பு ராணுவச் சிப்பாய்களே பாடம் நடத்தினார்கள். ஆனாலும் அந்தத் தலைமுறை அமெரிக்க ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்தக் கப்பலின் பெயரே நின்றுவிட்டது. 'தாமஸைட்' என்றால் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும்.

இவர்கள் தொண்டர்கள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மாதம் 75 முதல் 125 டாலர் வரை சம்பளம் என்று 1901 ஜனவரியில் போட்ட 74ஆம் எண் சட்டமே நிர்ணயித்தது. ஆயிரம் ஆசிரியர்களை வரவழைக்கலாம், கூடிய சீக்கிரம் ஆங்கிலமே பொதுப்பள்ளிகளின் பயிற்றுமொழி ஆக வேண்டும் என்றதும் அதே சட்டம்தான். ஆனால் கையில் கிடைத்ததோ தாமதமாக வந்த மெக்சிகோ வெள்ளி நாணயம். அதன் மதிப்பும் இறங்கிக்கொண்டிருந்தது.

எந்த நேரத்தில் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட அகினால்டோ அந்த மார்ச்சில்தான் பிடிபட்டிருந்தார். கப்பல் வந்த அடுத்த மாதமே சமார் தீவின் பலாங்கிகா ஊரில் மக்கள் திரண்டு அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றைத் தாக்கினார்கள். பழிக்குப் பழியாக ராணுவம் அந்தத் தீவில் ஊர் ஊராக எரித்தது. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் அரிச்சுவடி என்று நான் சொன்னால் மிகை என்பார்கள். இரண்டும் ஒரே துறைமுகத்தில்தான் இறங்கின, அவ்வளவுதான் சொல்கிறேன்.

வந்தவர்களில் சிலருக்கு ஊர் சுற்றும் ஆர்வம் ஆபத்தாகவும் முடிந்தது. 1902இல் செபு தீவில் சுற்றிப் பார்க்க மலைப்பக்கம் போன நான்கு ஆசிரியர்கள் திரும்பவில்லை; கொல்லப்பட்டிருந்தார்கள். அதே வருஷம் காலரா வேறு. மணிலா வடக்குக் கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்க ஆசிரியர்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே ஏழைக் குடும்பங்கள் வீடு கட்டிக் குடியிருக்கின்றன. சமாதிக்கு மேல் துணி காய்கிறது, பக்கத்தில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். வழி காட்டிய பையன் நல்ல இங்கிலீஷில் பேசினான்.

வகுப்பறையில் என்ன நடத்தினார்கள்? ஆரம்பத்தில் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பால்ட்வின் பாடநூல்கள்தான். ஆப்பிளும் பனிக்காலமும் அமெரிக்கப் பிள்ளைகளுமாக இருந்த புத்தகத்தை, மாம்பழமும் புயலுமாக வளர்ந்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தது. அதில் இருந்த கோணலை உடனே கண்டுகொண்டவர் காபிஸ் ஊரில் வேலை பார்த்த மேரி ஹெலன் ஃபீ. அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்கென்றே ஒரு முதல் வகுப்புப் புத்தகத்தை 1907இல் கொண்டுவந்தார்கள். 1910இல் அவர் எழுதிய நினைவு நூலில் எரிச்சல் உண்டு, இனத் திமிர் உண்டு, சில இடங்களில் தன்னையே கேலி செய்துகொள்வதும் உண்டு. எனக்கு அவரைப் பிடிக்கவும் செய்கிறது, பிடிக்காமலும் போகிறது.

என் கணக்கில், இந்த ஆசிரியர்கள் பாடவேளையில் கற்றதைவிட விடுமுறையில் கற்றதுதான் அதிகம். ஹென்றி ஓட்லி பேயர் 1905இல் ஆசிரியராக வந்து இஃபுகாவ் மலையில் பனாவே பக்கம் போய்ச் சேர்ந்தார். மலைச்சரிவை வெட்டி அடுக்கடுக்காக அமைத்த நெல்வயல்கள் உள்ள ஊர் அது. அந்த வயல்களையும் சடங்குகளையும் எழுதத் தொடங்கியவர், அங்கேயே ஓர் இஃபுகாவ் பெண்ணை மணந்தார். பிறகு பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையை வளர்த்தார். 1966 கடைசியில் மறைந்தவரைப் புதைத்ததும் பனாவேயில்தான். அவர் காலத்திலேயே பக்கத்துக் கியாங்கானில் ஆசிரியராக இருந்தவர் ராய் பார்ட்டன். எழுத்தே இல்லாத சமூகத்தில் வயல் தகராறும் கடனும் கொலைப்பழியும் எப்படித் தீர்க்கப்படுகின்றன என்று ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, 1919இல் 'இஃபுகாவ் சட்டம்' என்ற நூலை வெளியிட்டார். அங்கே அவர் கைகட்டிக் கேட்ட மாணவர்.

எல்லோரும் பேயராகவோ பார்ட்டனாகவோ ஆகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு விடுமுறை என்றால் பாகியோதான். அந்த மலைக்குப் போகும் பாதை சும்மா வந்துவிடவில்லை. 1901இல் தொடங்கிய பெங்கெட் சாலை, கர்னல் கென்னன் பொறுப்பேற்ற பிறகு 1905இல்தான் முடிந்தது. பிலிப்பைன்ஸ் கூலிகளோடு ஜப்பானியரும் சீனரும் இன்னும் பல நாட்டவரும் பாறை உடைத்தார்கள்; காய்ச்சலிலும் சரிவிலும் செத்தவர்கள் ஏராளம். இன்று கென்னன் ரோடு என்கிறார்கள். வழியில் பாறையில் செதுக்கிய பெரிய சிங்கத்தலை உண்டு. பஸ் அங்கே நின்றால் எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள். நானும் எடுத்தேன்.

மேலே இருந்த நிலம் யாருடையது? இபலோய்ப் பழங்குடி மக்களின் மாட்டு மேய்ச்சல் நிலம். மத்தேயோ கரின்யோ என்ற இபலோய்த் தலைவர், தலைமுறை தலைமுறையாகத் தன் குடும்பம் வைத்திருந்த பூமியை அமெரிக்க அரசு ராணுவ முகாமுக்கு எடுத்துக்கொண்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். உன்னிடம் பட்டா இல்லை என்றது அரசு. வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1909இல் நீதிபதி ஹோம்ஸ் அவர் பக்கம் தீர்ப்பு எழுதினார். நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து ஒருவர் அனுபவித்துவரும் நிலம் அரசுக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை என்று கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். உலகமெங்கும் பழங்குடியினர் நிலவழக்குகளில் அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் தீர்ப்பு வரும்போது கரின்யோ உயிரோடு இல்லை, முகாம் போட்ட நிலமும் குடும்பத்துக்குத் திரும்பவில்லை. டீச்சர்ஸ் கேம்பில் கூடாரம் அடித்து உலக நாகரிகம் பற்றிச் சொற்பொழிவு கேட்ட அந்த வருஷங்களில்தான் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. எத்தனை ஆசிரியர்கள் அதைக் கவனித்தார்களோ!

1925இல் அமெரிக்கக் கல்வியாளர் பால் மன்ரோ தலைமையில் ஒரு குழு வந்து பள்ளிகளை அலசியது. பெரும்பாலான பிள்ளைகள் நாலாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், அரைகுறையாக வந்த ஆங்கிலமும் பிறகு மறந்துபோகிறது என்று அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. என் வகுப்பும் நாலாம் வகுப்புதான் என்பதால் அந்த வரி எனக்கு உறைத்தது. தாய்மொழியில் பேசினால் அபராதம் என்ற வழக்கமும் அங்கே பள்ளிகளில் இருந்தது. தமிழ் பேசினால் காசு கட்டச் சொன்ன கான்வென்ட்களை அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தொண்டர்கள் என்று சொல்லத் தக்கவர்கள் 1961 அக்டோபரில் வந்தார்கள். கென்னடி தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் இளைஞர்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 'ஆசிரியர் உதவியாளர்' என்று பெயர் கொடுத்துக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். உதவி யாருக்கு, எதற்கு என்று அந்த இளைஞர்களுக்கும் புரியவில்லை, தலைமை ஆசிரியர்களுக்கும் புரியவில்லை. விருந்து, திருவிழா, ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தை என்று ஊர் அவர்களை இழுத்துக்கொண்டது. வேலையைவிட உறவு பெருகியது. 1963இல் பீஸ் கோருக்கு மகசேசே விருது கொடுத்தபோது, என்னைக் கேட்டால், அந்த உறவுக்குத்தான் கொடுத்திருப்பார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். பாகியோவிலும் செபுவிலும் தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் பயிற்சிக் கூடங்கள். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். வாரக்கடைசியில் கூட்டம் கூட்டமாக பர்ன்ஹாம் பூங்கா ஏரியில் படகு விடுகிறார்கள். அந்தப் பூங்காவின் பெயர் பாகியோவுக்கு வரைபடம் போட்ட அமெரிக்கருடையது. அரசும் மொழி விஷயத்தில் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது: 2012இல் முதல் வகுப்புகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொண்டுவந்தார்கள், 2024 அக்டோபரில் ஒரு சட்டத்தால் அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

என் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்திய டீச்சர் தாய்லாந்துக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போக விண்ணப்பம் போட்டிருந்தார். அங்கே பல பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், அதே வகுப்பை நடத்தும் இங்கிலாந்துக்காரருக்கோ அமெரிக்கருக்கோ அதைவிட அதிகம். "எங்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தானே மேம், அப்புறம் எங்கள் இங்கிலீஷில் என்ன குறை கண்டார்கள்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.