கிந்தாவில் ஈய மண் ஏறிய வழி

பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில், 19ஆம் நூற்றாண்டில், ஈய மண்ணைக் குழியினின்று மேலேற்றியது மனிதர் தோளே. சீனத் தொழிலாளர் படி வெட்டிய ஒற்றை மரத்தின்மீது கூடை சுமந்து ஏறினர். பின்னர் இரு பொறிகள் வந்தன. ஒன்று, நீர் பீய்ச்சிக் கரைத்த சேற்றைப் ‘பாலோங்’ என்னும் சாய்ந்த நெடுந்தொட்டிக்கு ஏற்றும் சரளைப் பம்பு. மற்றொன்று, 1910களில் வந்த, வாளிச் சங்கிலி பூட்டிய மண்வாரிக் கப்பல்.

கப்பல் பெரிது, ஆகவே எங்கும் அதுவே சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. சதுப்பு நிலத்தில் அதற்கு நிகரில்லை என்பது மெய்யே. ஆனால் கிந்தாவின் அடிப்பாறை சுண்ணாம்புக்கல். பல இடங்களில் கூர்முனைகளும் ஆழ்ந்த இடுக்குகளும் நிறைந்தது. அவ்விடுக்குகளில் தங்கிய ஈயத்தை வாளிகள் எட்டவில்லை. நீரும் பம்புமே வழித்தெடுத்தன. பம்புக்கு முதலும் குறைவு. ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல்களை ஓட்டிய காலத்திலும் சீன முதலாளிகள் பம்பைக் கைவிடாததற்குக் காரணம் இவ்விரண்டுமே.