மேடை யூதரும் சென்னை யூதரும்

மறுமலர்ச்சிக் கால ஆங்கில நாடகங்களில் யூதப் பாத்திரங்களைப் படைத்தவர்களின் நாட்டில் யூதர்கள் வெளிப்படையாக வாழ இடமில்லை. 1290இல் முதலாம் எட்வர்டு மன்னர் அவர்கள் அனைவரையும் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றினார். மீண்டும் குடியேற வழி திறந்தது 1656இல்தான். இடைப்பட்ட காலத்தில், ஞானஸ்நானம் பெற்ற போர்ச்சுகீசியக் குடும்பங்கள் சில லண்டனில் தம் பழைய வழிபாட்டை மறைத்து வாழ்ந்தன. ஆகவே நாடகாசிரியர்கள் யூதரைப் பார்த்து எழுதவில்லை. படித்தும் கேட்டும் எழுதினார்கள். வேதாகமம், தேவாலயப் பிரசங்கம், இத்தாலியக் கதைகள், இடைக்காலச் சமய நாடகங்கள் ஆகியவையே அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள்.

அந்த இடைக்கால நாடகங்களில் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று கிராக்ஸ்டன் என்ற ஊரின் பெயரால் அறியப்படுகிறது. அதில் யூதர்கள் திருவிருந்து அப்பத்தைத் திருட்டுத்தனமாக வாங்கிக் கத்தியால் குத்துகிறார்கள். அப்பத்திலிருந்து இரத்தம் வடிகிறது. கிறிஸ்து தோன்றுகிறார்; அவர்கள் மனம் மாறி ஞானஸ்நானம் பெறுகிறார்கள். யூதர் குற்றம் செய்ய வேண்டும், இறுதியில் மதம் மாற வேண்டும் என்ற கதைப்போக்கு ஷேக்ஸ்பியருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே மேடையில் நிலைபெற்றுவிட்டது.

மறுமலர்ச்சிக் காலத்தில் பழைய ஏற்பாட்டு யூதர்கள் நாடகத் தலைவர்களாகவும் உலவினார்கள். ஸ்காட்லாந்து அறிஞர் ஜார்ஜ் புக்கானன் யெப்தாவின் கதையை லத்தீனில் நாடகமாக்கினார். ராபர்ட் கார்னியே 1583இல் வெளியிட்ட பிரெஞ்சு நாடகம், எருசலேம் வீழ்ந்தபின் யூதப் பெண்கள் படும் துயரைப் பாடியது. ஜார்ஜ் பீலின் தாவீது, பத்சேபாள் நாடகம் 1599இல் அச்சேறியது. ஏரோதின் மனைவி மரியம்மை பற்றி எலிசபெத் கேரி எழுதிய சோக நாடகம் 1613இல் வந்தது. தாவீது போற்றப்பட்டார், அவர் மக்களின் வழிவந்த வணிகர் தூற்றப்பட்டார். வேதத்து யூதரும் வீதியின் யூதரும் ஒரே மக்கள் என்பதை அந்த மேடை ஏற்க மறுத்தது. மறுமலர்ச்சி நாடகத்தின் சமயப் பார்வையில் மிகக் கசப்பான முரண் இதுவே.

விதிவிலக்கு இல்லாமலில்லை. ராபர்ட் வில்சன் எழுதி 1584இல் அச்சான ‘லண்டனின் மூன்று சீமாட்டிகள்’ நாடகத்தில் கெரோந்தஸ் என்ற யூதர் கடன் கொடுக்கிறார். துருக்கி நாட்டுச் சட்டப்படி இஸ்லாத்தைத் தழுவினால் கடன் தள்ளுபடியாகும் என்பதால், கடன் வாங்கிய கிறிஸ்தவ வணிகன் மதம் மாறவும் துணிகிறான். பணத்துக்காக ஒருவன் தன் சமயத்தைக் கைவிடத் தான் காரணமாகக் கூடாதென்று கெரோந்தஸ் முழுக் கடனையும் விட்டுக்கொடுக்கிறார். இந்த நல்ல யூதரைப் பின்வந்தோர் பின்பற்றவில்லை. சில ஆண்டுகளில் கிறிஸ்டோபர் மார்லோ ‘மால்டாவின் யூதன்’ எழுதினார். அதன் நாயகனுக்கு, இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட கள்வனின் பெயரான பரபாஸ் சூட்டப்பட்டது. பரபாஸ் தன் மகள் தங்கியிருந்த கன்னிமாடத்தையே நஞ்சூட்டி அழிக்கிறான். முடிவில் கொதிக்கும் கொப்பரையில் தானே விழுந்து சாகிறான். ஆனால் மால்டாவின் கிறிஸ்தவ ஆளுநர் அவன் சொத்தைப் பறிப்பதில்தான் கதை தொடங்குகிறது. வேதத்தைச் சொல்லிக் கொள்ளையடிப்பவர்களையும் மார்லோ தப்பவிடவில்லை.

1594 ஜூன் மாதம், எலிசபெத் அரசியின் மருத்துவரும் போர்ச்சுகீசிய யூத வழியினருமான ரோட்ரிகோ லோபஸ், அரசிக்கு நஞ்சிட முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். மார்லோவின் நாடகம் அவ்வாண்டு லண்டனில் திரும்பத் திரும்ப மேடையேறியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஷேக்ஸ்பியர் ‘வெனிஸ் வணிகன்’ எழுதினார்; 1600இல் அது அச்சாயிற்று. ஒரு பவுண்டு சதையைப் பிணையாக வைக்கும் கதை 1558இல் அச்சான ஓர் இத்தாலியத் தொகுப்பில் இருந்தது. அங்கே யூதருக்குப் பெயர்கூட இல்லை. ஷைலாக் என்ற பெயரும் மகளும் இறந்த மனைவியின் நினைவும் அவருக்குக் கிடைத்தது ஷேக்ஸ்பியரிடம்தான்.

ஷைலாக்கின் பேச்சு முழுதும் வேதம் ஊடுருவி நிற்கிறது. வட்டி வாங்குவதை நியாயப்படுத்த அவர் யாக்கோபு லாபானின் ஆடுகளைப் பெருக்கிய ஆதியாகமக் கதையைச் சொல்கிறார். கிறிஸ்தவர்களோடு வணிகம் செய்வேன், உண்ணமாட்டேன் என்கிறார். ஓய்வுநாள்மேல் ஆணையிடுகிறார், நண்பர் தூபாலைத் தொழுகைக் கூடத்தில் சந்திக்க நேரம் குறிக்கிறார். தூபால், கூஷ் என்ற நண்பர் பெயர்கள் இரண்டும் ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தில் உள்ளவை. ஆனால் அந்த இருவரும் நோவாவின் பேரர்களாயினும் இஸ்ரவேலர் தோன்றிய சேமின் மரபில் வராதவர்கள். யூதக் குடும்பங்களை அறிந்த ஒருவர் இந்தப் பெயர்களைத் தேர்ந்திருப்பாரா என்பது ஐயமே. வேலைக்காரன் லான்ஸ்லட் பார்வையற்ற தந்தையை ஏய்த்துப் பிறகு ஆசி கேட்கும் வேடிக்கைக் காட்சியிலும், ஈசாக்கை ஏமாற்றி ஆசி பெற்ற யாக்கோபின் நிழல் விழுகிறது.

நீதிமன்றக் காட்சி இறையியல் வழக்காகவே அமைந்துள்ளது. பழைய ஏற்பாடு சட்டம், புதிய ஏற்பாடு கருணை என்ற கிறிஸ்தவப் பிரிவினை ஷைலாக், வழக்கறிஞர் வேடத்தில் வரும் போர்ஷியா என்ற இருவராக நிற்கிறது. யூத மரபு இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு பிடிப்பது உயிரையே அடகு பிடிப்பதாகும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் தடுக்கிறது. ஏழையின் போர்வையை அடகாகப் பெற்றால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும் என்றும் அங்கேயே விதி உண்டு. மனித உடலைப் பிணையாகக் கேட்கும் பத்திரம் அந்த நியாயப்பிரமாணத்துக்கு நேர்மாறானது. நாடகத்தில் அதைச் சொல்ல யூத சமய குருவான ஒரு ரபீ இல்லை. இறுதியில் ஷைலாக் கிறிஸ்தவராக வேண்டுமென்று, தன் சதையைப் பிணையாக வைத்த வணிகர் அந்தோனியோ நிபந்தனை வைக்கிறார். எலிசபெத் காலப் பார்வையாளர் பலர் அதை ஆன்மாவை மீட்கும் சலுகையாகவே கண்டிருப்பர்.

உண்மையான வெனிஸ் நகரில் 1516 முதல் யூதர்கள் கெட்டோ என்ற தனிப் பகுதியில் வாழ்ந்தனர். அதன் வாயில்கள் இரவில் பூட்டப்பட்டன. நாடகம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தாலியின் மாந்துவாவில் லியோனே தெ சொம்மி என்ற யூதர் எபிரேயத்தில் நாடகம் எழுதினார், அரங்கக் கலை பற்றி உரையாடல் நூலும் படைத்தார். அந்நகர யூத நாடகக் குழு கொன்சாகா பிரபுக்களின் அவையில் நடித்தது. மேடையில் யூதர் இழிவாகக் காட்டப்பட்ட காலத்திலேயே, யூதர்கள் மேடைக்கலையின் ஆசிரியர்களாகவும் இருந்தனர்.

மேடையை விட்டு நிஜ வாழ்வுக்கு வந்தால், ஆங்கிலேயர் ஆட்சியில் யூதருக்கு நகர நிர்வாகத்தில் இடம் கிடைத்த ஊர்களில் சென்னை முந்தியது. கோல்கொண்டா வைரத்தை நாடி லண்டனிலிருந்தும் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்தும் போர்ச்சுகீசிய வழி யூத வணிகர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்தார்கள். மத்தியதரைக்கடல் பவளம் வந்திறங்கியது, வைரம் கப்பலேறியது. ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் அடையாளம். 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நகர மன்ற உறுப்பினர்களான ஆல்டர்மன்கள் பன்னிருவரில் மூவர் யூதர்கள்: பர்த்தலோமியோ ரோட்ரிகஸ், தொமிங்கோ தோ போர்த்தோ, அல்வாரோ த ஃபொன்செக்கா. மேயரும் ஆல்டர்மன்களும் சேர்ந்ததே மேயர் நீதிமன்றம். ஷைலாக் எழுதப்பட்டு நூறாண்டு ஆகுமுன்பே, வழக்கு விசாரிக்கும் இருக்கையில் யூதர்கள் அமர்ந்தார்கள். வெனிஸ் மேடையில் ஷைலாக்கை வீழ்த்திய சட்டமோ, குடிமகனைக் கொல்ல முயலும் அயலானைத் தண்டிக்கும் சட்டம்.

வைர வணிகம் தளர்ந்ததும் அந்தக் குடும்பங்கள் கலைந்தன. அவர்களின் கல்லறைகள் ஜார்ஜ் டவுன் பகுதியிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டு இப்போது ராயப்பேட்டையில் லாயிட்ஸ் சாலையையொட்டி உள்ளன. அந்தச் சாலைக்கு இன்று நாடகக் கலைஞர் அவ்வை சண்முகத்தின் பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷைலாக் பாடப்புத்தகம் வழியாகச் சென்னைக்கு வந்தபோது, அருகிருந்த யூதரின் நினைவு நகரத்தில் மங்கியிருந்தது. 1807இல் வெளிவந்த லாம்ப் உடன்பிறப்புகளின் கதைச் சுருக்கம் பலருக்கு முதல் அறிமுகம். யூதனுக்கும் கண்கள் இல்லையா என்று ஷைலாக் கேட்கும் மூன்றாம் அங்கப் பேச்சு அந்தச் சுருக்கத்தில் இடம்பெறவில்லை. கொடிய வட்டிக்காரரும் சாமர்த்தியமான பெண் வழக்கறிஞரும் எஞ்சினார்கள். சென்னை கிறித்தவக் கல்லூரியின் முதல்வராக 1877 முதல் 1907 வரை இருந்த வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியரை வாழ்வின் ஒழுக்க வரைபடமாகக் கற்பித்தார். ஆனால் நூலாக்க அவர் எடுத்துக்கொண்டவை லியர், மக்பெத், ஒத்தெல்லோ, ஹாம்லெட் என்னும் சோக நாடகங்கள். வேறு சமயத்தார்க்குக் கிறிஸ்தவ ஆசிரியர் பாடம் சொல்லும் வகுப்பறையில், மதமாற்றத் தண்டனையோடு முடியும் ‘வெனிஸ் வணிகன்’ கடினமான பாடமாகவே இருந்திருக்கும்.

இந்த நாடகத்தைத் தமிழ் மேடைக்கு ‘வாணீபுர வணிகன்’ என்று தழுவி எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873இல் பிறந்த அவரது பூர்வீக ஊரான பம்மல், இன்று தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியது. 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் உயிர்நாடி அவரே. வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியவர். ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், மக்பெத்தை மகபதி என்றும், சிம்பலீனைச் சிம்ஹளநாதன் என்றும் ஒலி கெடாமல் தமிழாக்கிய அதே முறையில் வெனிஸ் வாணீபுரமாயிற்று. இடத்தையும் பெயரையும் மாற்றலாம்; கடனும் பத்திரமும் வட்டியும் தமிழகத்துக்குப் புதியவையும் அல்ல. சமயம்தான் இடறுகிறது. யாக்கோபின் ஆடுகளும், சட்டத்துக்கும் கருணைக்குமான இறையியல் வழக்கும், ஞானஸ்நானமும் இந்தியக் கதைக்குள் வர வழியில்லை. எந்தச் சமூகத்தாரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் கதை வட்டிக்கொடுமைக் கதையாகச் சுருங்கிவிடும். தழுவல் என்ற வடிவத்துக்கே உரிய இழப்பு இது.

ஆயினும் மாற்றுச் சமயத்தாரை மேடையிலும் காப்பியத்திலும் காட்டும் வழக்கம் பம்மல் வட்டாரத்துக்கு அந்நியமன்று. பம்மலை அடுத்த பல்லாவரத்தில் மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரை, அவனுடைய விருதுப்பெயர்கள் பொறித்த கல்வெட்டோடு உள்ளது. பிற்காலத்தில் அது தர்காவாயிற்று. அந்த மன்னன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காபாலிகர், பௌத்தத் துறவி, பாசுபதர் மூவரையும் நகையாடுகிறது. காணாமற்போன கபாலத்தைத் திருடியதாகப் பௌத்தர்மேல் பழி விழுகிறது. எடுத்துப்போனதோ ஒரு நாய். நாடகத்தின் காஞ்சியில் இவர்கள் எல்லோரும் ஒரே வீதியில் நடந்தவர்கள். கேலி எல்லோர்மேலும் விழுகிறது, யாரும் மதம் மாற்றப்படுவதில்லை.

பம்மலுக்கு மேற்கே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரின் பெரியபுராணம் வேறு வகை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் காப்பியத்தில் சைவ அடியார் ஞானசம்பந்தர் காலத்துச் சமணர்கள் வென்றவர்களின் கண்வழியே தோன்றுகிறார்கள். அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்றுக் கழுவேறுகிறார்கள். ஷைலாக்கின் வழக்குக் காட்சிக்கு இணை தேடும் தமிழ் வாசகர் வட்டிக்கடைகளை விட்டு இந்தப் பகுதிக்குத்தான் வரவேண்டும். சமய வாதம் வழக்காக நடக்கிறது, தோற்றவருக்குத் தண்டனை உண்டு, தோற்றவர் தரப்பைச் சொல்லும் குரல் அந்தப் பிரதிக்குள் இல்லை. ஷேக்ஸ்பியர் இதில் ஒரு படி மேலே போகிறார்: தோற்கப்போகிறவருக்கு மூன்றாம் அங்கத்தில் மறக்கமுடியாத ஒரு பேச்சைக் கொடுத்துவிடுகிறார்.

பிற சமயத்தாரை அணுகும் கேள்வி இதே வட்டாரத்தில் பின்னும் எழுந்தது. 1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அங்கே கூடியது. கிறிஸ்தவம் பிற சமயங்களை எப்படி அணுகுவது என்பதே அதன் பெரிய விவாதம். இறையியலாளர் ஹென்றிக் கிரேமர் அதற்கென எழுதிய நூல் இன்றும் இறையியல் மாணவர்களால் படிக்கப்படுகிறது. மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பர் 9, 10 தேதிகளில்தான் ஜெர்மனியெங்கும் யூதரின் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன.

1940இல் ‘ஷைலாக்’ என்ற பெயரிலேயே தமிழ்த் திரைப்படம் வந்தது. செருகளத்தூர் சாமா அதில் ஷைலாக்காக நடித்ததோடு இயக்கத்திலும் பங்கேற்றார். அதே காலத்தில் நாஜி ஆட்சி இந்த நாடகத்தை யூத வெறுப்புக்குக் கருவியாக்கி ஜெர்மானிய மேடைகளில் நடத்தியது. போருக்குப் பின் உலகெங்கும் ஷைலாக்கைத் துன்பப்பட்ட மனிதராக நடிக்கும் போக்கு வலுத்தது. கல்லூரி விழாக்களில் நீதிமன்றக் காட்சியை மட்டும் தனியே எடுத்து நடிப்பதோ பழைய வழக்கம். அப்படி நடிக்கும்போது மகளை இழந்த தந்தையும், மனைவி லேயாளின் மோதிரத்துக்காக அழுத கணவரும் மேடைக்கு வருவதில்லை. கத்தி தீட்டும் வட்டிக்காரர் மட்டுமே வருகிறார்.