மாயப் பேழையும் மனிதப் பொறியும்

1957இல் சென்னை வாகினி ஸ்டுடியோவில் உருவான 'மாயா பஜார்' படத்தில், தொலைவிலுள்ள அன்புக்குரியவரைக் காட்டும் 'பிரியதர்சினி' என்னும் பேழை வந்தது. புராண உலகில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்படத்தில் உதவியாளராய்ப் பயின்றவர் 'அபூர்வ சகோதரர்கள்' தந்த சிங்கீதம் சீனிவாசராவ். 1991இல் அவரது 'ஆதித்யா 369' படத்தில் விஞ்ஞானி ஒருவர் காலயந்திரம் செய்தார். தெலுங்குத் திரையுலகம் ஹைதராபாத்தில் நிலைபெற்றபின், 2024இல் வெளிவந்த 'கல்கி 2898 ஏடி' படத்துக்கும் அவர் ஆலோசகராய் விளங்கினார். அதில் பொறிகள் கொடுங்கோலனுக்கும் ஏவல் புரிகின்றன. கல்கியைச் சுமக்கும் தாயைக் காப்பவனோ பாரதத்து அசுவத்தாமன். விந்தை மனிதன் கைக்கு வந்துவிட்டது. அறத்தைக் கேட்க மட்டும் புராணத்திடமே திரும்புகிறோம். ஹைதராபாத்தில் இருந்தவாறே ஊரிலுள்ள அன்னையின் முகத்தைக் கைப்பேசியில் காணும் நாமும் அப்பேழையை ஏந்தியவர்களே. அதை நல்வழியில் ஆளும் பொறுப்பும் நம்முடையதே.