கட்டணமும் சோற்றுச் செலவும்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் மாணவர் நிதியுதவி வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இரண்டாண்டுப் பட்டமும் தொழிற்சான்றிதழும் வழங்கி, மேலே படிக்க விரும்புவோரை நான்காண்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைக்கும் பொதுத்துறை நிறுவனங்களே சமுதாயக் கல்லூரிகள் எனப்படுகின்றன. மதிப்பெண் பார்த்து வடிகட்டாமல், நாடி வருவோரைச் சேர்த்துக்கொள்வது இவற்றின் அடிப்படை இயல்பு என்பதால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும், குழந்தை பெற்ற பின் படிப்பைத் தொடர்பவர்களும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் இங்கே பெருமளவில் சேர்கின்றனர். மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதிநேரமாகவே படிக்கின்றனர். இவர்களுக்கெனக் கிடைக்கும் நிதியுதவியின் வரலாற்றை ஆராய்ந்தால், பெரும்பாலான திட்டங்கள் பெற்றோர் ஆதரவில், வேறு பொறுப்பின்றி, முழுநேரமும் படிக்கும் பதினெட்டு வயது மாணவரை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டன என்பதும், சமுதாயக் கல்லூரி மாணவரின் வாழ்க்கைக்கு அவற்றைப் பொருத்துவதற்கான திருத்தங்கள் பல ஆண்டுகள் கழித்தே வந்தன என்பதும் புலனாகின்றன.

தொடக்கத்தில் மாணவருக்கென்று தனி உதவி எதுவும் இல்லை. கட்டணம் வாங்காமையே உதவியாக இருந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாக ஆறு மாணவர்களுடன் தொடங்கிய வகுப்புகள், மறு ஆண்டே கட்டணமின்றி நடத்தப்பட்டன. கலிபோர்னியா 1907இல் உயர்நிலைப் பள்ளிகளிலேயே மேற்படிப்பு வகுப்புகள் நடத்தச் சட்டம் இயற்றியது. இத்தகைய கல்லூரிகள் உள்ளூர்ச் சொத்துவரியிலும் மாநில நிதியிலும் நடந்தமையால், பணம் மாணவர் கைக்கு வராமல் நேரே நிறுவனத்திற்குச் சென்று, கட்டணத்தைக் குறைவாக வைத்தது. விண்ணப்பமும் வருமானச் சான்றும் கேட்காத இந்த முறையின் எளிமை பின்னாளில் வந்த எந்தத் திட்டத்துக்கும் வாய்க்கவில்லை.

1944 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, ஜி.ஐ. சட்டம் என்று அழைக்கப்படும் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம், மாணவர் கையில் நேரடியாகப் பணம் கொடுக்கும் முறையைப் பேரளவில் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தை அரசு செலுத்தியதோடு, மணமாகாதவருக்கு மாதம் 50 டாலரும் குடும்பத்தாருக்கு 75 டாலரும் வாழ்க்கைப்படியாக வழங்கியது. ஏறத்தாழ 22 லட்சம் போர்வீரர்கள் இச்சட்டத்தால் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் படித்தனர். மாணவரும் சாப்பிட வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற உண்மையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட திட்டம் என்பதால், இதனைப் பின்வந்தவற்றை அளப்பதற்கான அளவுகோலாகவே கொள்ளலாம். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம், ஜார்ஜ் ஸூக் தலைமையில் 1947இல் அளித்த அறிக்கையில், பள்ளிக்கு மேற்பட்ட முதல் இரண்டாண்டுக் கல்வி அனைவருக்கும் இலவசமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது; சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பரவலாக்கியதும் அந்த அறிக்கைதான். கூட்டாட்சி அரசு அப்பரிந்துரையை ஏற்றுச் சட்டமாக்கவில்லை.

அடுத்த கட்டத்தில் 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் குறைந்த வட்டிக் கடனையும், 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டம் படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் திட்டத்தையும், 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் ஏழை மாணவருக்கான கொடைத்தொகையையும் அரசு உத்தரவாதம் பெற்ற வங்கிக் கடனையும் கொண்டுவந்தன. இவற்றில் வேலைத்திட்டத்தின் பணமும் கொடைத்தொகையும் கல்லூரிகளுக்குப் பிரித்தளிக்கப்பட, கல்லூரிகள் தம் மாணவருக்குப் பங்கிட்டன. பிற்காலத்தில் நிலைபெற்ற பங்கீட்டு விதிகள் முன்பே திட்டத்தில் இருந்த, கட்டணம் மிகுந்த கல்லூரிகளின் பழைய பங்கைப் பாதுகாத்தமையால், ஏழைகள் மிகுதியாகப் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கு வேலைத்திட்டப் பணம் இன்றளவும் குறைவாகவே வருகிறது.

வரலாற்றின் திருப்புமுனை 1972ஆம் ஆண்டின் சட்டத்திருத்தமாகும். அரசுப் பணத்தை நிறுவனங்களுக்குக் கொடுப்பதா, மாணவருக்குக் கொடுப்பதா என்ற விவாதத்தில், கீழவையில் ஈடித் கிரீன் முதல் வழியையும், செனட்டில் கிளைபோர்ன் பெல் இரண்டாம் வழியையும் முன்வைத்தனர். பெல்லின் கருத்தே வென்றது. அடிப்படைக் கல்வி வாய்ப்புக் கொடை என்ற பெயரில் பிறந்து, 1980இல் அவர் பெயரையே தாங்கிய பெல் கொடைத்தொகை, திருப்பிச் செலுத்த வேண்டாத உதவி; குடும்ப வருமானத்தைப் பொறுத்து அளவு மாறும்; மாணவர் எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும் அவரோடு கூடச் செல்லும். 1973–74 கல்வியாண்டில், முதலாண்டு முழுநேர மாணவருக்கு மட்டும், அதிகபட்சமாக 452 டாலர் வழங்கித் தொடங்கிய இக்கொடை, 2023–24இல் 7,395 டாலரை எட்டியது. சமுதாயக் கல்லூரிகளின் சராசரிக் கட்டணம் அவ்வாண்டில் 4,000 டாலரை ஒட்டியே இருந்ததால், முழுக் கொடை பெறும் மாணவருக்குக் கட்டணம் போகவும் கையில் பணம் மிஞ்சும். சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இன்றுள்ள உதவிகளில் மிகப் பெரியது இதுவே.

ஆனால் இக்கொடையின் உள்விதிகள் குறைந்த கட்டணத்தையே மாணவருக்கு எதிராகத் திருப்பின. ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் கொடை தரலாகாது என்று 1972 சட்டம் வரையறுத்தது. சான்றாக, 1,400 டாலர் கொடைக்குத் தகுதி பெற்ற ஒருவர் 2,000 டாலர் செலவாகும் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தால் 1,000 டாலரே பெறுவார். அதே வருமானமுள்ள இன்னொருவர் 4,000 டாலர் செலவாகும் கல்லூரியில் சேர்ந்தால் முழுத் தொகையும் பெறுவார். மலிவான கல்லூரியின் செலவு முழுவதையும் அரசே ஏற்றால் மாணவர்கள் தம்மை விட்டு விலகுவர் என்ற தனியார் கல்லூரிகளின் அச்சம் இவ்விதிக்குத் துணைநின்றது. விகிதம் பிற்பாடு தளர்த்தப்பட்டு, 1992 திருத்தத்தில் விதி நீங்கியபோதும், மிகக் குறைந்த கட்டணம் செலுத்துவோருக்கு உச்சத் தொகை கிடைக்காதபடி வேறொரு விதி அதே திருத்தத்தில் நுழைந்தது. கலிபோர்னியாச் சமுதாயக் கல்லூரி மாணவரையே பெரிதும் பாதித்த அவ்விதி 2007இல்தான் ஒழிந்தது. ஏழைக்கென்று கட்டணத்தைக் குறைத்த மாநிலத்தின் ஏழைகளே குறைவாகப் பெற்றனர் என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதியாகும்.

அந்தக் கலிபோர்னியாவும் கட்டணமின்மையைக் கட்டிக்காக்கவில்லை. சொத்துவரியைக் கடுமையாகக் குறைத்த 1978ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்குப் பின் கல்லூரிகளின் நிதிப் பொறுப்பு மாநில அரசின் தலையில் விழ, 1984இல் முதன்முறையாக ஓர் அலகுக்கு 5 டாலர் என்ற மாநிலந்தழுவிய கட்டணம் வந்தது. அலகு என்பது வாரத்திற்கு எத்தனை மணிநேர வகுப்பு என்பதைக் கொண்டு பாடத்தை எடைபோடும் கணக்கு. 2012 முதல் அக்கட்டணம் 46 டாலராக நிற்கிறது. கட்டணத்தோடு கூடவே பிறந்த கட்டண விலக்குத் திட்டம், பகுதிநேரத்தில் ஒரே பாடம் எடுப்பவருக்கும் பொருந்துவதால் பெரும்பயன் தந்தது. என்றாலும் புத்தகம், பேருந்து, வாடகை ஆகியவற்றை அது தொடவில்லை.

பெல் கொடையில் கட்டணம் போக மிஞ்சும் பணம் மாணவர் கைக்கு வரும்போதுதான் அது உண்மையில் சோற்றுக்கும் வாடகைக்கும் பயன்படுகிறது. ஆனால் ஒரு பருவத்தின் 60 விழுக்காட்டு நாட்களைக் கடக்குமுன் மாணவர் படிப்பை விட்டு நின்றால், எஞ்சிய நாட்களுக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. வேலை நேரம் மாறியோ, குழந்தை நோயுற்றோ, வண்டி பழுதாகியோ பாதியில் நிற்கும் ஒருவரின் கணக்கில் கல்லூரி தன் பங்கை அரசுக்குச் செலுத்திவிட்டு, அதே தொகையை மாணவரின் நிலுவையாக எழுதிவைக்கிறது. சில நூறு டாலர் நிலுவை தீராதவரை மறுபருவத்தில் பதிவு செய்யப் பல கல்லூரிகள் இடம் தருவதில்லை. உதவியாக வந்த பணமே திரும்பி வரும் வழியை அடைக்கும் இந்த ஏற்பாடு மறுபரிசீலனைக்குரியது. கடனிலும் இதே நிலைதான்: படிப்பை முடிக்காமல் நின்றவர்கள் சிறு தொகையையும் கட்ட முடியாமல் தவறுகின்றனர். தவணை தவறுவோர் விகிதம் மூன்றாண்டுகள் தொடர்ந்து 30 விழுக்காட்டை எட்டினால் பெல் கொடைத் தகுதியே பறிபோகும் என்பதால், சில சமுதாயக் கல்லூரிகள் அரசுக் கடன் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டன. அங்கே படிப்பவர் கடன் தேவைப்பட்டால் வட்டி மிகுந்த இடங்களை நாட நேர்கிறது.

இலவசக் கல்வி என்ற பழைய எண்ணத்தை டென்னசி மாநிலம் 2014இல் ஆளுநர் பில் ஹாஸ்லம் காலத்தில் மீண்டும் உயிர்ப்பித்தது. லாட்டரி வருவாயிலிருந்து நடக்கும் டென்னசி பிராமிஸ் திட்டம், மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் எட்டு மணிநேரம் சமூகத் தொண்டு செய்ய வேண்டும், வழிகாட்டி ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கட்டணத்தை ஏற்கிறது. ஆனால் பிற கொடைகளைக் கழித்த பின் எஞ்சும் கட்டணத்தை மட்டுமே அது ஈடுகட்டுவதால், பெல் கொடையிலேயே கட்டணம் தீர்ந்துவிடும் பரம ஏழைக்கு இத்திட்டத்தால் பணமாக ஏதும் கிடைப்பதில்லை. சற்று வசதியுள்ளவரே டாலர் கணக்கில் அதிகம் பெறுகிறார். எனினும், இலவசம் என்று ஒரே சொல்லில் அறிவித்ததால் கல்லூரியை நினைத்துப் பாராதவர்களும் விண்ணப்பித்தனர் என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதிபர் ஒபாமா 2015 ஜனவரியில் அதே மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் நாடு தழுவிய திட்டத்தை முன்மொழிந்தார், அதிபர் பைடன் 2021இல் மீண்டும் முயன்றார், இரண்டும் நிறைவேறவில்லை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டம் வேறு வழியில் சென்றது. முழுநேரம் படிக்க இசைந்தவருக்குக் கட்டணப் பற்றாக்குறையை நிரப்பியதோடு, பாடநூல் உதவியும், நெருங்கிக் கவனிக்கும் ஆலோசகரும், மாதந்தோறும் ஒரு மெட்ரோகார்டும் கொடுத்தது. சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் செல்லுபடியான அந்த அட்டையைப் பெற மாணவர் திட்டத்தின் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டியிருந்ததால், ஆலோசகரைத் தவறாமல் சந்திக்கும் பழக்கம் தானே ஏற்பட்டது. குலுக்கல் முறையில் மாணவரைப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றோர் விகிதம் 22 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. கட்டணத்திற்கு அப்பாலுள்ள செலவைத் தொட்ட திட்டமே பட்டம் வரை கொண்டுசேர்த்தது என்பது நிதியுதவி வகுப்போர் கூர்ந்து நோக்க வேண்டிய முடிவாகும்.

இவ்வுதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு வாயிலாக இருப்பது ஃபாஃப்சா எனப்படும் இலவச அரசு விண்ணப்பம். 1992 சட்டத்தால் உருவாகி, நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளால் ஏழைக் குடும்பங்களை மலைக்கவைத்த அதனைச் சுருக்க 2020 இறுதியில் சட்டம் வந்தது. ஆனால் வழக்கமாக அக்டோபரில் திறக்க வேண்டிய புதிய படிவம் 2023 டிசம்பர் இறுதியில்தான், அதுவும் கோளாறுகளோடு திறந்தது. பெல் கொடையின் வரம்பும் பின்னர் விரிந்தது: 2025 ஜூலையில் இயற்றிய சட்டம், எட்டு வாரத்துக்குக் குறையாமலும் பதினைந்து வாரத்தை எட்டாமலும் நடக்கும் குறுகிய தொழிற்பயிற்சிகளுக்கும் 2026 ஜூலை முதல் பெல் கொடை தர வழிசெய்தது. பயில்வோரில் 70 விழுக்காட்டினர் முடிக்கவும், முடித்தோரில் 70 விழுக்காட்டினர் வேலை பெறவும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வேலையை விட முடியாதவர்களுக்கு இது நல்ல வாய்ப்புதான். ஆயினும் வாரங்களின் எண்ணிக்கைக்கேற்பக் கொடை குறைவதால், பயிற்சிக் கட்டணம் போக அந்த வாரங்களின் வாடகைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதே இத்திட்டத்தில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி.