தேக்கமும் தேர்ச்சியும்: இந்தியத் தொடக்கக் கல்வியில் வகுப்பு மாற்ற விதிகளின் வரலாறு

முன்னுரை

ஆண்டு இறுதியில் ஒரு மாணவனை அடுத்த வகுப்பிற்கு அனுப்புவதா, அதே வகுப்பில் நிறுத்துவதா என்பது பள்ளியின் அன்றாட நடைமுறையாகத் தோன்றினும், கற்றல் குறைவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. இந்தியாவில் இவ்விதிகள் மாறிவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலனியக் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளில், தேர்வு முடிவுகளுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை நிலவியது. ஆய்வாளர் நடத்தும் தேர்வில் மாணவர் பெறும் வெற்றியே பள்ளியின் வருவாயாயிற்று. மனப்பாடத்தை வளர்த்த இம்முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. எனினும் ஆண்டுத் தேர்வு நிலைத்தது.

1929இல் வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை இச்சிக்கலுக்கு இரு கலைச்சொற்களைத் தந்தது. தொடக்கக் கல்வியை முடிக்குமுன் பள்ளியை விட்டு நீங்குதல் 'விரயம்' எனவும், ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்குதல் 'தேக்கம்' எனவும் வரையறுக்கப்பட்டன. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்தோருள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட 1925-26இல் நான்காம் வகுப்பில் இல்லை என்று அவ்வறிக்கை காட்டியது. தனி மாணவனின் தோல்வியாகக் கருதப்பட்டது கல்வி அமைப்பின் குறையாகவும் நோக்கப்படலாயிற்று. ஆயினும் அக்குழு விரிவாக்கத்தினும் தரத்தையே முதன்மையாக வலியுறுத்தியது.

விடுதலைக்குப் பின்

கோத்தாரி ஆணையம் (1964-66) முதல் நான்கு வகுப்புகளை வகுப்புப் பிரிவற்ற ஓர் அலகாகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. குழந்தைகள் வெவ்வேறு வேகத்தில் கற்பர் என்பதே இதன் அடிப்படை. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் தொடக்க நிலையில் மாணவரை நிறுத்தி வைக்காமையைத் தொடர்ந்து பின்பற்றுமாறு கூறியது.

கொள்கையாக இருந்தது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தால் உரிமையாயிற்று. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையையும் வகுப்பில் நிறுத்துவதையும் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதையும் தடுத்தது. 29ஆம் பிரிவு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை வேண்டியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. நிறுத்தி வைத்தல் நீங்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் குறையறிந்து கற்பித்தல் நிகழவேண்டும்.

இவ்விடத்தில் சொல் வழக்கும் கருதத்தக்கது. தமிழ் இதழ்களில் இவ்விதி 'கட்டாயத் தேர்ச்சி' என்றே வழங்கிற்று. சட்டமோ குழந்தையை நிறுத்தலாகாது என்றதேயன்றி, கற்காதவனைக் கற்றவனாக அறிவிக்குமாறு கூறவில்லை. 'தேர்ச்சி' என்னும் சொல் மதிப்பீட்டுக் கடமையை மறைத்து, சலுகை என்னும் பொருளை முன்னிறுத்திவிட்டது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம்

கற்றல் அடைவு குறைகிறது என்ற குறை எழுந்ததால், மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு 2012இல் கீதா புக்கல் தலைமையில் துணைக்குழு ஒன்றை அமைத்தது. பின்னர் 2019இல் 16ஆம் பிரிவு திருத்தப்பட்டது. இதன்படி 5, 8ஆம் வகுப்புகளில் ஆண்டு இறுதித் தேர்வு நடைபெறும். தவறியோர்க்குக் கூடுதல் பயிற்சி அளித்து, முடிவு வெளியான இரு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்தவேண்டும். அதிலும் தவறினால் நிறுத்தி வைக்க இசைவளிப்பதா என்பதை உரிய அரசே முடிவு செய்யும். வெளியேற்றத் தடை மட்டும் மாறவில்லை.

இதனால் நாடு முழுமைக்கும் ஒன்றாயிருந்த உரிமை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடலாயிற்று. தமிழ்நாடு 2019-20ஆம் கல்வியாண்டிற்கு இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. மத்திய அரசு 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா முதலிய தன் பள்ளிகளில் நிறுத்தி வைத்தலுக்கு இடமளித்தது.

முடிவுரை

நிறுத்தி வைத்தல் கற்பித்தலுக்கு ஈடாகாது. நிறுத்தாமையும் தனித்து நின்று கற்பித்தலாகாது. ஓராண்டை மீண்டும் கழிக்கும் இழப்பு குழந்தையையும் அதன் குடும்பத்தையுமே சேர்கிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருவோர்க்கு அவ்விழப்பு படிப்பையே முடித்துவிடக்கூடும். ஆதலின் எவ்விதி நடைமுறையில் இருப்பினும், தேர்வுக்குப் பிந்தைய இரு மாதப் பயிற்சியினும் தேர்வுக்கு முந்தைய பத்து மாதக் கற்பித்தலே அதன் பயனை உறுதிசெய்யும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.