வரத்துக்கால் இல்லாத சட்டம்: அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கண்மாய்களும் சட்டமன்றமும் (1858–2024)

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அன்று நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. அடுத்த சில நாள்கள் செய்தித்தாள்களில் அந்த ஒன்றுதான் பேச்சு. அதே நாளில், அதிக விவாதம் இல்லாமல் இன்னொரு மசோதாவும் நிறைவேறியதைப் பலர் கவனிக்கவில்லை. அது தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. வருவாய்த் துறையைச் சேர்ந்த அந்த மசோதா வந்தபோது அத்துறையின் அமைச்சராக இருந்தவர் கே.கே.எஸ்.எஸ்.ஆர். இராமச்சந்திரன், அருப்புக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினர். பக்கத்துத் தொகுதியான திருச்சுழியின் உறுப்பினர் தங்கம் தென்னரசும் அதே அமைச்சரவையில் இருந்தார். பின்னர் நிதித் துறை அவரிடம் வந்தது.

மழையை மட்டுமே நம்பிய ஒரு வட்டாரத்தின் இரண்டு பிரதிநிதிகள் நிலத்துக்கும் நிதிக்கும் பொறுப்பாக இருந்த காலத்தில், நீர்நிலைகள் உள்ள நிலத்தைப் பற்றி ஒரு புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆகவே கண்மாயைச் சட்டம் இதுவரை எப்படிப் பார்த்து வந்தது என்பதை இந்த வட்டாரத்தில் நின்று கேட்பது பொருத்தம். 1858-லிருந்து இன்றுவரை வந்த சட்டங்களை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு சட்டமும் கண்மாயைத் தனித்தனி உடைமையாகவே எடுத்துக்கொண்டது. ஒரு கண்மாயிலிருந்து அடுத்ததற்கு நீர் போகும் வழிக்குச் சட்டத்தில் உறுதியான இடம் கிடைக்கவே இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை பெரும்பாலும் கரிசலும் இடையிடையே செவலுமாகக் கிடக்கும் இந்த நிலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியே மழை. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களுக்குள் கொட்டிவிடும். வருசநாடு, ஆண்டிப்பட்டி மலைப்பக்கத்தில் பிறக்கும் குண்டாறு திருமங்கலம், காரியாபட்டி வழியாக வந்து திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலை ஒட்டிச் சென்று, கமுதியைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஆண்டில் பெரும்பகுதி அது வெறும் மணல்தான். வெள்ளம் வரும் அந்தச் சில நாள்களில் நீரைப் பிடித்து வைத்தால்தான் நெல். இல்லாவிட்டால் மானாவாரியில் கம்பு, பருத்தி, மல்லி, மிளகாய்.

நீரைப் பிடிக்க முன்னோர் செய்த ஏற்பாடு கண்மாய்த் தொடர். மேட்டுக் கண்மாய் நிறைந்து மறுகால் போனால் அந்த நீர் வரத்துக்கால் வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. இதில் எத்தனை நுட்பம் இருந்தது என்பதை மிகுநீர் வழியும் கற்கட்டான ஒரு பழைய கலுங்கைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கலுங்கின் தளத்தில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழை ஓயும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே புல்கட்டியும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். நீர்மட்டம் ஒரு முழம் உயரும், கடைசி நனைப்புக்கு நீர் கிடைக்கும். மழை வலுத்தால் அடைப்பை உடனே பிடுங்கிவிட வேண்டும். தாமதித்தால் கரை உடையும், நீர்ப்பரப்பை ஒட்டிய உள்வாய்ப் புஞ்சைகள் முழுகும். அடைப்பை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதைக் கரைக்காரர்கள் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. கீழூர்க்காரனுக்கும் அதில் பேச்சு உண்டு, அவனுக்கு வரவேண்டிய நீர் அங்கேதான் நிற்கிறது. ஊருக்கும் ஊருக்கும் நடந்த கலுங்குச் சண்டைகளில் பாதி இந்த ஒரு முழத்துக்காக நடந்தவை.

இந்த வட்டாரம் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1803-ல் கம்பெனி அரசு சேதுபதி மரபின் மங்களேஸ்வரி நாச்சியாருக்கு நிரந்தர வரி சனது கொடுத்தது. அதற்கு முன் கண்மாய் வெட்டுவதும் செப்பனிடுவதும் அரசதிகாரத்தின் அடையாளமாகவும் கொடையாகவும் இருந்தன. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் தம் நூலில் விரிவாகக் காட்டுவது இதைத்தான். அங்கே நீர் மேலாண்மை அரசியலிலிருந்து பிரிந்து ஒருநாளும் நின்றதில்லை. பழைய கிராம சமுதாயம் தானாகக் கூடிக் கண்மாயைக் காத்தது என்ற இனிமையான சித்திரத்தை நாம் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கரையில் மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர்க்கு ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாயும் வயல்களில், ஒரு காணி நிலமும் இல்லை.

அந்த உழைப்பைச் சட்டமாக்கியது 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டம், சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து வந்தால் அதிகாரி ஊராரை வேலைக்கு அழைக்கலாம். ஊரார் கூடி வழக்கப்படி செய்ய வேண்டிய பராமரிப்பான குடிமராமத்து வேலைக்கு ஒருவர் காரணமின்றி வராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கைக் கட்ட வேண்டும். மரபாக இருந்த கடமை இப்படி அபராதத்தோடு கூடிய கடனாயிற்று. கடமையின் மறுபக்கமான உரிமையைப் பற்றி, அதாவது நீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றி, அந்தச் சட்டம் பேசவில்லை. என் கணிப்பில் பின்னால் வந்த குறைகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

1883-ல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டம் அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிப் பகுதிகளுக்கானது. ஜமீன் கண்மாய்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் பாசன வேலைகளைப் பழுதுபார்க்கக் கோரிக் குடிகள் ஆட்சியரிடம் போக வழி வைத்தது. ஆனால் வழக்காடும் வசதியுள்ள குடி எத்தனை பேர்? 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் வருவாய் அமைச்சராக இருந்த டி. பிரகாசம் தலைமையில் ஜமீன் நிலைமையை ஆராயக் குழு அமைந்தது. 1938-ல் அதன் அறிக்கை வந்தது. கண்மாயின் சீரழிவை வரிப் பிரச்சினையின் ஒரு பகுதியாகச் சட்டமன்ற அரங்கில் வைத்துப் பேசும் வாய்ப்பு அப்போது திறந்தது. போர் வந்தது, அமைச்சரவை விலகியது, வாய்ப்பு மூடிக்கொண்டது.

பிறகு 1948-ன் 26-ஆவது சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம். சமூக நீதியில் அதன் பெருமையைக் குறைத்துப் பேச முடியாது. பாசனத்தில் அது செய்தது வேறு. ஜமீனின் பொது நிலம், புறம்போக்கு, ஆறு, ஓடை, கண்மாய், மீன்பாசி அனைத்தும் அரசுக்குச் சேர்ந்தன. 1949-ல் இராமநாதபுரம் ஜமீன் அரசின் கைக்கு வந்தது. அதன்பின் கண்மாய்கள் பங்கிடப்பட்டன: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. முன்னாள் ஜமீன் கண்மாய்கள் என்ற தனி வகை அரசுக் கோப்புகளில் நெடுங்காலம் நீடித்தது.

40 ஹெக்டேர் என்பது நிர்வாக வசதிக்கு வைத்த அளவு. ஒரே தொடரில் மேலே ஒன்றியக் கண்மாய், நடுவில் பொதுப்பணித் துறைக் கண்மாய், கீழே மறுபடி ஒன்றியக் கண்மாய் என்று வந்தால் என்ன ஆகும்? நடுக் கண்மாய்க்கு ஒரு பொறியாளர் மதிப்பீடு போடுவார், மடையைப் புதுக்குவார். அதற்கு நீர் தரும் மேல் கண்மாயின் கலுங்கு இன்னொரு அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஓடும் வரத்துக்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் வெறும் ஓடைப் புறம்போக்கு. சில இடங்களில் அது பட்டா நிலத்தின் ஓரமாகவும் போகும், அங்கே அதற்குத் தனி எண்கூட இருக்காது. மூன்று அலுவலகங்களுக்கும் பொதுவான அந்தக் கால்வாயைத்தான் முதலில் சீமைக் கருவேலம் மூடியது. வறட்சிக் காலத்தில் விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பரப்பப்பட்ட மரம் அது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு அந்த மரம் சோறு, கண்மாய்க்கு அது அடைப்பு. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது இந்த இரண்டு உண்மைகளும் நேருக்கு நேர் மோதின.

1977-ல் அருப்புக்கோட்டை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர் எம்.ஜி.ஆர். அந்த ஆண்டே முதலமைச்சரானார். அதிகாரம் இந்த மண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 1985 மார்ச் 15-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தன. குண்டாற்றின் கீழ்ப்பகுதியான கமுதி இராமநாதபுரத்திலேயே நின்றது. அதிகாரம் இந்த மண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரே ஆற்றின் கண்மாய்கள் இரண்டு ஆட்சியர்களுக்குப் பிரிந்தபோதும் நீர் ஓட்டத்தை எல்லையாக வைத்து யாரும் கோடு போடவில்லை.

தொடரை நெருங்கி வந்த சட்டம் ஒன்று உண்டு: 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம். நீர் பாயும் முறையை ஒட்டி எல்லை பிரித்து, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களைத் தேர்தல் வைத்து அமைக்க அது வழி செய்தது. சங்கத்துக்கு மேலே பகிர்மானக் குழு, அதற்கும் மேலே திட்டக் குழு. ஏட்டளவில், மேலூரும் கீழூரும் ஒரே மேசையில் உட்கார இது இடம் தந்தது. ஆனால் வாக்கு ஆயக்கட்டு நில உடைமையாளருக்கே. உள்வாயில் ஆடு மேய்ப்பவர், கரிமூட்டக்காரர், நிலமில்லாத கூலி ஆள் யாருக்கும் இடமில்லை. 1858 அவர்களிடம் உழைப்பை மட்டும் கேட்டது. 2000 அவர்களை எதற்கும் அழைக்கவில்லை.

ஆக்கிரமிப்பைப் பொறுத்தவரை 1905-ஆம் ஆண்டின் சட்டமே நெடுங்காலம் ஓடியது. 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் நீர்நிலைப் புறம்போக்குகளை மீட்க உத்தரவிட்ட பிறகு, 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடமும் பதிவேடும் தயாரித்து, ஆக்கிரமிப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து அகற்றும் தெளிவான நடைமுறை அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஏரி என்றால் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரி மட்டுமே. திருச்சுழிச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றியத்திடம் இருக்கும் சிறு கண்மாய்கள் அதற்குள் வராது. 2015-ல் டி.கே. சண்முகம் வழக்கில் உயர்நீதிமன்ற முழு அமர்வு, 2007 சட்டம் வந்ததால் மற்ற நீர்நிலைகளைக் காக்கும் அரசின் கடமை குறைந்துவிடாது என்று தெளிவுபடுத்தியது. சட்டமன்றம் செய்திருக்க வேண்டிய வேலையை நீதிமன்றம் செய்தது. தீர்ப்பால் கடமையை நினைவூட்ட முடியும், ஆனால் பதிவேட்டையும் பொறுப்பாளரையும் உருவாக்க முடியாது.

2017-ல் குடிமராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள், 2019-20-ல் 499.68 கோடியில் 1,829 பணிகள். பத்தில் ஒரு பங்கைப் பயனாளிகள் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. பல ஊர்களில் உள்வாய் ஆழமாயிற்று, கரை பலமாயிற்று. ஆனால் பணி என்பது மறுபடியும் ஒரு கண்மாய்தான். கீழ்க் கண்மாயை ஆழப்படுத்திவிட்டு மேலிருந்து வரும் காலைத் தூர்ந்தபடியே விட்டால் அதில் வானத்து மழை மட்டும்தான் நிற்கும். 2024-25 நிதிநிலை அறிக்கையில் 500 கோடியில் 5,000 நீர்நிலைகளைப் புனரமைக்கும் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு, வண்டல் மண் எடுக்க ஆட்சியர் வரை போகாமல் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று விதி மாறியது. கரிசல் சம்சாரிக்கு இது நேரடியாகப் பயன்படும் நல்ல முடிவு.

இந்த வரிசையில்தான் 2023 சட்டம் வருகிறது. ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்து, 2024 அக்டோபர் 18-ல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 100 ஹெக்டேர் பரப்பில் அமையும் திட்டத்தை அரசு சிறப்புத் திட்டமாக அறிவிக்கலாம். அதற்குள் கிடக்கும் ஓடை, கால்வாய், நீர்நிலை உள்ள அரசு நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம். நீர்க் கொள்ளளவு மட்டும் குறையக் கூடாது. 100 ஹெக்டேர் என்பது இந்தப் பக்கத்தில் பெரிய பரப்பல்ல. கமுதியில் 2016-ல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டம் குமாரலிங்காபுரத்தில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு ஒதுக்கியது 1,052 ஏக்கர். விலை மலிந்த வறண்ட நிலம் தேடி வரும் முதலீட்டுக்கு அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இயல்பான இலக்கு. வேலைவாய்ப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஊரைவிட்டு இளைஞர்கள் போய்க்கொண்டிருக்கும் பூமி இது.

சிக்கல் கொள்ளளவு என்ற அளவுகோலில் இருக்கிறது. ஒரு வரத்துக்காலை எடுத்துவிட்டு அதே கன அடிக்கு வேறொரு மூலையில் குளம் வெட்டினால் கணக்கு நேராகிவிடும். அந்தக் காலின் முனையில் இருந்த கண்மாய்க்கு அதற்குப் பிறகு நீர் வராது. கரிசல் சமவெளியில் நில மட்டம் மிக மெல்லச் சரிகிறது; ஒரு முழ உயர வித்தியாசம் நீர் எந்த ஊருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும். கலுங்குக் கல்லுக்கு நடுவே களிமண் அடைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கும் இது பொருந்தும். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு 14,400 கோடி. மாயனூர்க் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். கடைசிக் கட்டமான வைகை முதல் குண்டாறு வரை சுமார் 34 கிலோமீட்டர். கர்நாடகம் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. வழக்கு முடிந்து வெள்ள நீர் குண்டாறுவரை வந்தாலும், ஆற்றிலிருந்து வயலுக்கு அதைக் கொண்டுபோகப் போவது பழைய வரத்துக்கால்களே.

ஆகவே சட்டமன்றம் செய்யக்கூடிய வேலை ஒன்று குறிப்பாக இருக்கிறது. 2007 சட்டத்தில் ஏரி என்பதன் வரையறையைத் திருத்தி ஒன்றியக் கண்மாய்களையும் வரத்துக்கால், மறுகால் ஓடைகளையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு கண்மாய்க்கும் எதிரே நீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது, கலுங்கின் மட்டம் என்ன என்ற மூன்று விவரங்கள் ஏற வேண்டும். 2023 சட்டத்தின்கீழ் எந்தத் திட்டம் வந்தாலும் கீழூர்க் கிராமசபைகள் இந்தப் பதிவேட்டை வைத்து ஆட்சேபம் சொல்ல உரிமை வேண்டும். நில அளவைப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் இருக்கும் காலத்தில், குண்டாற்று வடிநிலத்திலிருந்து இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்குவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.